மூக்கு நுனியில் சந்தனம்

சாந்தம்மா தன் தப்பை ஒப்புக்கொள்வது என்று முடிவெடுத்து வெகுநாள் ஆகிவிட்டது. அதைக் கேட்டுக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை.

சூளகிரிக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்த தொழிற்பேட்டையில் வியோமகிரி ஏரோ காம்பொனென்ட்ஸ் என்று ஒரு கம்பெனி. விமானத்துக்கு மூக்கு செய்கிற கம்பெனி. மூக்கு என்றதும் முன்னால் கூராக நீட்டிக்கொண்டிருக்குமே, அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது விரல் நீளத்தில் வளைந்த ஒரு எஃகுக் குழாய். நுனியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பறக்கும்போது எதிர்க்காற்று அந்த ஓட்டைக்குள் புகுந்து அழுத்தும். அந்த அழுத்தத்தை வைத்து, என்ன வேகத்தில் போகிறோம் என்று விமானிக்கு முன்னால் இருக்கும் மீட்டர் காட்டும். இங்கிலீஷில் இதற்கு நீளமாக ஒரு பேர் உண்டு. கம்பெனியில் எல்லாரும் மூக்கு என்றுதான் சொன்னார்கள். ஒரு விமானத்துக்கு மூன்று மூக்கு, மூன்று மீட்டர். ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும் என்கிற ஏற்பாடு.

சாந்தம்மாவுக்கு பேக்கிங்கில் வேலை. கான்ட்ராக்ட்தான். உத்தனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். மூக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு வைத்த டப்பாவில் படுக்கவைத்து மூடுவாள். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற பக்குவம் அவளுக்கு இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. லேத்துக்குப் பொட்டு வைத்தார்கள், கம்ப்ரஸருக்கு வைத்தார்கள், ஃபோர்க்லிஃப்டுக்கு, கேன்டீன் கிரைண்டருக்கு, சேர்மனின் காருக்கு எல்லாவற்றுக்கும் வைத்தார்கள். அனுப்பத் தயாராக இருந்த மூக்குகளையும் தட்டுத் தட்டாக அடுக்கி சாமி படத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். "சாந்தம்மா, நீ வெச்சு உடு" என்றார்கள். ராசியான கை என்று அவளுக்குப் பேர். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள். எங்கே வைப்பது? ஒவ்வொரு மூக்கின் நுனியிலும், வட்டமாக, நடுவில் ஒரு புள்ளியோடு, இங்கே வை என்று கேட்கிற மாதிரி ஓர் இடம் இருந்தது. அங்கேதான் வைத்தாள். நீங்களும் நானும் என்றாலும் அங்கேதான் வைத்திருப்போம். சேர்மன் வந்து ஒரு மூக்குத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். அந்த ஃபோட்டோ இன்றைக்கும் ரிசப்ஷனில் ஓர் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது.

லீவு முடிந்து வந்ததும் வெளியே இருந்த சந்தனத்தை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் டப்பாவில் போட்டாள். ஓட்டைக்குள் போனது போனதுதான். அதை அவள் யோசிக்கவில்லை. வேறு யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தவள் மகள் வினோதா. மேகமாலை ஏர்வேஸில் விமானப் பணிப்பெண். மேகமாலை தன் விமானங்களுக்கெல்லாம் பூப்பேர் வைத்திருந்தது. வினோதா போகிற விமானத்துக்குக் குறிஞ்சி என்று பேர். பெங்களூரிலிருந்து புனே, கொச்சி, ஹைதராபாத் என்று பறந்துகொண்டே இருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபோன் செய்தாள். "அம்மா, எங்க பிளேன்ல ஸ்பீடு மீட்டர் ஒண்ணு மட்டும் ரொம்ப ஸ்லோவா காட்டுதாம்மா. கேப்டன் திட்டிக்கினே வந்தாரு. வெளிய மூக்கு மாதிரி ஒண்ணு இருக்குமாமே, அதப் புதுசா மாத்துனாங்களாம். யார் செஞ்சது தெரியுமா? உங்க கம்பெனி!"

மகளுக்கு ஒரே பெருமை. சாந்தம்மா அப்போது சாமி மாடத்தில், கிண்ணத்து ஓரமாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சிமென்ட் மாதிரி இருந்தது, வரவில்லை. சுரண்டிய கை அப்படியே நின்றது. அன்றைக்குப் பிறகு அவளுக்குக் காரமும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக சூப்பர்வைசர் சமீரிடம் போய் நின்றாள். தங்கமான மனிதர் சமீர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர்.

"சமீர் தம்பி, தப்புப் பண்ணிட்டேன். பூஜையன்னிக்கு மூக்கோட ஓட்டையிலயே சந்தனத்த வெச்சிட்டேன்."

"எந்த மூக்குலக்கா?"

"எல்லாத்துலயும்."

சமீர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "இல்லியே. அந்த லாட்டு முழுக்க ஃபைனல் டெஸ்ட்டுல பாஸ். பாருங்க, பச்சையாக் காட்டுது."

"டெஸ்ட்டு பண்ணது பூஜைக்கு முன்னாடி. நான் வெச்சது அதுக்கப்புறம்."

"ஃபைனல் டெஸ்ட்டுக்கு அப்புறம் ஒண்ணும் நடக்காதுக்கா. நடந்துச்சுன்னா அதுக்குப் பேரு எப்புடி ஃபைனல் டெஸ்ட்டு?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கே பாவமாகப் போயிற்று. "ஏர்லைன்ஸ் கம்ப்ளெய்ன்ட்டெல்லாம் மாடிலதான் பாக்கறாங்க. கையேட்டுத் துறை. ராஜசேகர் சார்னு இருக்காரு, அவரப் போய்ப் பாருங்க" என்றார்.

வியோமகிரியில் மூக்கு செய்கிறவர்கள் கீழே இருந்தார்கள். அந்த மூக்கை நம்பி எப்படிப் பறப்பது என்று விமானிகளுக்குக் கையேடு எழுதுகிறவர்கள் மேலே இருந்தார்கள். கீழே ஒருவர் என்றால் மேலே மூவர். கீழே ஃபேன், மேலே ஏசி. துறைத்தலைவர் ராஜசேகர் மெட்ராஸிலிருந்து வந்தவர். பேச ஆரம்பிக்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார். சாந்தம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் அவளை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், முழுவதும் பொறுமையாகக் கேட்டார். அவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் அவளை நடத்தியதில்லை.

"நீ சொன்னது எல்லாமே எனக்குப் புரியுதும்மா. ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு. குறைன்னு சொன்னே பார், அது. விமானத்துல குறைன்னு ஒண்ணு கிடையாது. விமானி எதிர்பார்க்காதது ஒண்ணு நடந்தா, அதைக் குறைன்னு நினைச்சுப் பயந்துடறார். அதையே கையேட்டுல எழுதிட்டோம்னு வை, எதிர்பார்த்ததா ஆயிடும். எதிர்பார்த்தது நடந்தா யாராவது பயப்படுவாங்களா? கீழ அவங்க மூக்கைச் சரி பண்றாங்க. ஒரு நாளைக்கு எத்தனை மூக்கு சரி பண்ணிட முடியும்? நான் ஒரே ஒரு வரி எழுதினா உலகத்துல இருக்கிற அத்தனை மூக்கும் சரியாயிடும்."

"சார், ஒரு ஊசி குடுத்தா நானே போய் நோண்டி எடுத்துட்டு வந்துருவேன்" என்றாள் சாந்தம்மா.

"ஊசியா!" ராஜசேகர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "பேனா இருக்கும்போது ஊசி எதுக்கும்மா?"

அன்று மாலைக்குள் அந்த வரி எழுதப்பட்டு மேகமாலைக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கிலீஷில் எழுதியதை அவளுக்காகத் தமிழில் படித்துச் சொன்னார்: "மூன்று வேகமானிகளில் ஒன்று மாறுபட்டால், பெரும்பான்மையை நம்புக."

சாந்தம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். குறிஞ்சியில் சந்தன மூக்கு ஒன்று, நல்ல மூக்கு இரண்டு. இரண்டைத்தானே நம்பப் போகிறார்கள். அன்றைக்கு இராத்திரி ஒரு வாய் சோறு இறங்கியது.

அங்கேதான் வந்தது வினை. கம்ப்ளெய்ன்ட் கொடுத்த மறுநாளே பதில் அனுப்பிய கம்பெனியை மேகமாலை அதுவரை பார்த்ததில்லை. பூரித்துப் போய், குறிஞ்சி மாதிரியே ஒரு மூக்கு மாற்றியிருந்த எல்லா விமானத்துக்கும் இரண்டாவது மூக்கையும் புதிதாக வியோமகிரியிடமே வாங்கிக்கொள்கிறோம் என்று ஆர்டர் போட்டார்கள். பூஜையில் வைத்ததில் பாதி இன்னும் குடோனில்தான் இருந்தது. சாந்தம்மா ஓடிப்போய்ச் சொல்வதற்குள் லாரி கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது.

இப்போது ஒவ்வொரு விமானத்திலும் சந்தன மூக்கு இரண்டு, நல்ல மூக்கு ஒன்று. கையேடு என்ன சொல்கிறது? பெரும்பான்மையை நம்பச் சொல்கிறது. விமானிகள் நம்பினார்கள். பூஜைக்கு முன்பே வியோமகிரியிலிருந்து போயிருந்த, உண்மை பேசிய மூன்றாவது மூக்கு மாறுபடுகிறது என்று கழற்றி, டப்பாவில் போட்டு வியோமகிரிக்கே திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்: "மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை." பேக்கிங் டேபிளில் அவை குவிந்தன. சாந்தம்மா ஒரு மூக்கை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை சுத்தமாக இருந்தது, அந்தப் பக்கம் டியூப்லைட் தெரிந்தது.

அட, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சந்தன மூக்குகள் வேகத்தைக் குறைத்துக் காட்டின. ஐயோ, மெதுவாகப் போகிறோமே என்று விமானிகள் இன்னும் முடுக்கினார்கள். மேகமாலை விமானங்கள் எல்லா ஊருக்கும் முன்கூட்டியே போய்ச் சேர ஆரம்பித்தன. பேப்பரில் வந்தது, பாராட்டு வந்தது. சேர்மன் கேன்டீனில் கூட்டம் போட்டு எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்துப் பேசினார்.

"மத்த கம்பெனிக்காரங்க விமானம் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு காட்டற கருவி செய்யறாங்க. நாம விமானத்தை வேகமாப் போக வைக்கிற கருவியே செஞ்சிருக்கோம். எப்படிச் செஞ்சோம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதுக்குப் பேர்தான் டீம் ஒர்க்!"

கை தட்டினார்கள். சாந்தம்மாவும் தட்டினாள். மைசூர்பாகு வாயில் மண்ணாக இருந்தது.

அன்றைக்கு வினோதா பேசும்போது குரல் கொஞ்சம் சோர்ந்திருந்தது. "பிளேனு முன்ன மாதிரி இல்லம்மா. உதறுது. காப்பி ஊத்துனா மேல கொட்டுது. அரை கப்புக்கு மேல ஊத்தாதீங்கன்னு இப்பக் கையேட்டுல புதுசா வந்திருக்குது."

"ஏன் உதறுதுன்னு யாரும் கேக்கலியா?"

"பாசஞ்சருங்க கேக்கறாங்க. மேகம்னு சொல்லணுமாம்."

"மேகமே இல்லன்னா?"

"ஜன்னல் ஷட்டர இறக்கச் சொல்லணுமாம். அதுவும் எழுதியிருக்குதும்மா."

"வேலைய உட்டுட்டு வந்துடுடி, கண்ணு."

"அய்ய, போம்மா! இந்த வேலைக்கு எத்தன பேரு லைன்ல நிக்கறாங்க தெரியுமா? பேடம்மா, பேடா" என்று வினோதா, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஃபோனை வைத்தாள். சாந்தம்மா ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பயமாக இருக்க வேண்டும், பயம்கூட வரவில்லை. உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது.

நடுவில், பெட்ரோல் செலவு ஏறுகிறது என்று மேகமாலை ஒரு கடிதம் போட்டது. ராஜசேகர் உடனே இன்னொரு வரி எழுதினார்: "மீட்டர் காட்டும் வேகத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள்க." ஒவ்வொரு ஓட்டையிலும் எவ்வளவு சந்தனம் போயிருக்கிறது என்று வைத்தவளுக்கே தெரியாது. ராஜசேகருக்குக் கால் பங்கு என்று எப்படித் தெரிந்தது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

திரும்பி வந்த மூக்குகள் குடோனை அடைத்துக்கொண்டதும் விசாரணைக் குழு போட்டார்கள். ராஜசேகர் தலைவர். ஹெச்ஆர் மேடம் தங்கமணி ஓர் உறுப்பினர். பெங்களூரிலிருந்து வந்த கன்னடக்கார நிபுணர் ஒருவர் இன்னோர் உறுப்பினர். சாந்தம்மா, சமீரைக் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"சார், மேடம், எல்லாருக்கும் கும்புடறேன். திரும்பி வந்த மூக்கெல்லாம் நல்ல மூக்கு. போன மூக்குதான் கெட்டது. கெடுத்தவ நான்."

தங்கமணி மேடம் அனுதாபத்தோடு பார்த்தார். "உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா நீங்க கான்ட்ராக்ட். கம்பெனியோட தப்பை ஒப்புக்கிறதுக்கு அசிஸ்டன்ட் மேனேஜர் கிரேடாவது வேணும். இன்னொண்ணு, ஆயுத பூஜையன்னைக்கு ஃபேக்டரி லீவு. ரெக்கார்டுப்படி அன்னைக்கு உள்ள யாருமே இல்ல. யாருமே இல்லாத எடத்துல நீங்க எப்படிப் பொட்டு வெச்சிருப்பீங்க?"

"சேர்மன் ஐயா தட்டோட நிக்கற ஃபோட்டோ ரிசப்ஷன்ல இருக்குதே மேடம்!"

"அது நிகழ்ச்சிம்மா. வேலை இல்ல."

சாந்தம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். மேஜையில், மேகமாலைக்குப் போன லாட்டிலிருந்து மாதிரிக்கு வைத்திருந்த சந்தன மூக்கு ஒன்றை எடுத்து அவர்கள் கண் முன்னாலேயே நுனியை நோண்டினாள். பொடிப்பொடியாக மஞ்சள் தூள் கொட்டியது. அறை முழுக்க மணத்தது.

"ஏனிது, கந்தத வாசனெ!" என்று பெங்களூர் நிபுணர் கண்ணை மூடி முகர்ந்தார். சந்தன மணத்தைத்தான் அப்படிக் கன்னடத்தில் ரசித்தார். பிறகு திரும்பி வந்த மூக்கு ஒன்றை எடுத்து முகர்ந்தார். எஃகு வாசனைதான் வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது. ராஜசேகரும் எழுந்து நின்றுவிட்டார்.

ஆம், கண்டுபிடித்துவிட்டார்கள். ஏர்லைன்ஸ் ஏற்றுக்கொண்ட மூக்கில் சந்தனம் இருக்கிறது, ஏற்றுக்கொள்ளாததில் இல்லை. ஆகவே இவ்வளவு நாளாக நடந்த தவறு, சில மூக்குகளுக்குச் சந்தனம் வைக்க மறந்ததுதான். குழு ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. இனி எல்லா மூக்குக்கும் சந்தனம் வைத்தே அனுப்ப வேண்டும்.

"நீதாம்மா எங்க கண்ணைத் திறந்தே" என்று ராஜசேகர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

சாந்தம்மாவை நிரந்தரமாக்கினார்கள். முனை நிறைவு வல்லுநர் என்று பதவி. மாடியிலேயே ஏசி அறை, கதவில் பேர்ப் பலகை. மேஜையில் ஒரு சிவப்பு ஃபோன் வைத்தார்கள். கையேட்டில் ஐயம் ஏற்பட்டால் வல்லுநரைக் கேட்கவும் என்று ஒரு வரி சேர்த்திருந்ததால் வல்லுநருக்கு ஒரு ஃபோன் தேவைப்பட்டது. யாரும் அதில் கூப்பிடவில்லை. பொட்டு வைப்பது எப்படி என்று ராஜசேகர் ஒரு கையேடு எழுதினார். அதைப் பயிற்றுவிக்கப் புனேயிலிருந்து ஆள் வந்தார். முதல் பரீட்சையில் சாந்தம்மா ஃபெயில். விரலை வைத்தாள், எடுத்தாள், பொட்டு வந்துவிட்டது. நடுவில் செய்ய வேண்டிய பல படிகளை அவள் விட்டுவிட்டாளாம். இரண்டாம் முறை மெதுவாக வைத்துப் பாஸானாள்.

அவள் புருஷன் ராமப்பன் இராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிற டெம்போ ஓட்டுகிறவன். வண்டியில் வேகமானி செத்துப் பல வருஷம் ஆகிறது. மண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான், என் பெண்டாட்டி பர்மனென்ட் ஆயிட்டா என்று. அவள் நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

"மீட்டர என்னாத்துக்கு நம்பறாங்க அவுங்க? நான் நம்பறனா? இஞ்சின் சத்தத்த வெச்சே ஓட்டல? சத்தம் கேட்டா தெரியாதா, வண்டி ஓடுதா ஏங்குதான்னு?" என்றான். பிறகு, "படிச்சவங்களுக்குத் தெரியாததா, உடு" என்று படுத்துக்கொண்டான்.

ஒரு நாள் அவள் மேஜைக்கு ஒரு தட்டு வந்தது. மூன்று மூக்கு. சீட்டில் குறிஞ்சி என்று எழுதியிருந்தது. மகள் போகிற விமானம். மூன்றையும் புதிதாக மாற்றுகிறார்கள்.

சாந்தம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு சமீரிடம் போனாள். "தம்பி, இதுக்கு மட்டும் பொட்டு வெக்காம உட்டுடட்டா? எம்பொண்ணு போற பிளேனு."

சமீர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உட்டீங்கன்னா மீட்டரு கரெக்ட்டா காட்டும்க்கா. ஆனா அவங்க கையேட்டப் பாத்து கால் பங்கு கூட்டிக்குவாங்க. வேகமாப் போறோம்னு நெனச்சு கொறைப்பாங்க. ரொம்பக் கொறைச்சா பிளேனு நிக்காது, உழுந்துரும்."

"அப்ப வெச்சுட்டா?"

"வெச்சா, உதறும். எவ்வளவு உதறுனா தாங்கும்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

ராஜசேகரிடம் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையேட்டைப் புரட்டினார். "இதோ இருக்கு பார். 'முனை நிறைவு வல்லுநரின் அனுபவத்துக்கு ஏற்பச் செய்க.' எவ்வளவு சுதந்திரம் கொடுத்திருக்கோம் பாத்தியா?" என்றார்.

அறைக்குத் திரும்பி வந்து அந்த மூன்று மூக்குக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வைத்தாலும் ஆபத்து, வைக்காவிட்டாலும் ஆபத்து. கடைசியில், பெற்றவள் செய்கிற காரியம் ஒன்றைச் செய்தாள். ஒன்றுக்கு முழுப் பொட்டு வைத்தாள். ஒன்றுக்கு வைக்கவே இல்லை. இன்னொன்றுக்குப் பாதி வைத்தாள். மூன்றில் ஏதாவது ஒன்று பிள்ளையைக் காப்பாற்றிவிடாதா? டப்பாவை மூடும்போது கையை எடுக்க மனம் வரவில்லை.

சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், சிவப்பு ஃபோன் முதல் தடவையாக அடித்தது. ரிசப்ஷன் பெண்தான் பேசினாள். "அக்கா, மேலேர்ந்து கால் வந்திருக்குது."

"கையேட்டுத் துறையா?"

"அதுக்கும் மேலக்கா."

ஒரே இரைச்சல். அலாரம் அடிப்பது கேட்டது. அதற்கு நடுவில் நிதானமான ஒரு ஆண் குரல். "வணக்கம் மேடம். மேகமாலை, குறிஞ்சி, கேப்டன் பேசறேன். மூணு மீட்டரும் மூணு மாதிரி காட்டுது. பெரும்பான்மையை நம்புன்னு போட்டிருக்கு. இங்க பெரும்பான்மையே இல்ல. ஐயம் ஏற்பட்டா உங்களைக் கேக்கச் சொல்லியிருக்கு."

கேப்டனின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், இன்னொரு குரல் கேட்டது. மைக்கில் பேசுகிற குரல். அவள் பெற்ற குரல். "பயணிகள் தயவுசெய்து ஜன்னல் திரைகளை இறக்கிவிடவும். வெளியே மேகமாக இருக்கிறது." சாந்தம்மா தன் ஜன்னலைப் பார்த்தாள். சூளகிரி வானத்தில் துளி மேகம் இல்லை.

"சார்," என்றாள். "மூணையும் நம்பாதீங்க சார். நாந்தான் சார் ஓட்டையில சந்தனம் வெச்சவ. தப்பு என்னுது. மூணும் பொய் சார்."

கேப்டன் கேட்டார்: "அது எந்தப் பக்கத்துல இருக்கு மேடம்?"

"பக்கமா?"

"கையேட்டுல எந்தப் பக்கம்? பக்கம் இல்லாம நான் எதுவும் செய்யக் கூடாது. கோ-பைலட் கையில புக்கை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கார்."

ஐயோ சாமி! பக்கத்துக்கு எங்கே போவாள்? அந்த நேரத்தில் அவளுக்கு நினைவுக்கு வந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். ராமப்பனுடைய டெம்போ நம்பர்.

"நாலாயிரத்து எழுநூத்திப் பதினாறு."

"எங்க புக் மூவாயிரத்தோட முடியுதே?"

"அது இன்னிக்குத்தான் சார் வந்துச்சு. உங்களுக்கு இன்னும் வந்து சேரல. படிக்கறேன், கேட்டுக்கங்க." சாந்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே வெறும் மேஜை. ராஜசேகர் படிக்கிற மாதிரியே இழுத்து இழுத்துப் படித்தாள். "மூன்று மீட்டரும் மூன்று மாதிரி காட்டினால், மூன்றையும் துணி போட்டு மூடுக. கால் பங்கு, அரைப் பங்கு எதையும் கூட்ட வேண்டாம். ஜன்னல் திரையைத் திறந்து வெளியே பார்க்க. இஞ்சின் சத்தத்தைக் கேட்க. உதறாமல் ஓடின காலத்தில் என்ன சத்தம் கேட்டதோ, அந்தச் சத்தத்துக்குக் கொண்டுவருக. ஏங்க விடக் கூடாது, அலற விடக் கூடாது. அவசரப்படாமல் கீழே இறக்குக."

"புரிந்தது" என்றார் கேப்டன். அந்த ஒரு வார்த்தையில் அவ்வளவு நிம்மதி இருந்தது. ஃபோன் அறுந்துவிட்டது.

எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்குத் தெரியாது. கைப்பையில் செல்ஃபோன் அடித்தது. "அம்மா, எறங்கிட்டோம்மா. கொஞ்சம் பயமாத்தான் போச்சு. பூ மாதிரி எறக்குனாரு கேப்டன். என்னா சொல்றாரு தெரியுமா? இவ்ளோ தெளிவா ஒரு பக்கம் அவரு சர்வீஸ்லயே பாத்ததில்லையாம்."

அழுகை வரும் என்று சாந்தம்மா காத்திருந்தாள். வரவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ராஜசேகர் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு போனாள். அவர் கோபமாக இல்லை, கவலையாக இருந்தார். "கேப்டன் ரிப்போர்ட்ல பக்க எண் போட்டு அனுப்பிட்டார்மா. நம்மகிட்ட மூவாயிரம் வரைக்கும்தான் இருக்கு. நடுவுல எவ்வளவு பக்கம் காலியாக் கிடக்கு பாத்தியா?" கையேட்டுத் துறைக்குப் புதிதாக ஆள் எடுத்தார்கள். இராப்பகலாக எழுதி அந்த இடைவெளியை நிரப்பினார்கள். என்ன எழுதினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பக்கம் சரியாக வந்து சேர்ந்தால் போதும்.

அவளுடைய பக்கத்தையும் குழு உட்கார்ந்து மெருகேற்றியது. ராஜசேகர் பெருமையோடு படித்துக் காட்டினார்: "வேகமானிகளை அங்கீகரிக்கப்பட்ட துணியால் மூடுக. இயந்திர ஒலியைச் செவிமடுக்க. ஐயம் ஏற்படின் முனை நிறைவு வல்லுநரை அழைக்க. ஐயங்கள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரைக்குள் ஏற்பட வேண்டும்."

"சார், அப்ப இனிமே சந்தனம் வெக்கறத நிறுத்திடலாமா?"

"எதுக்கும்மா நிறுத்தணும்?" ராஜசேகர் திகைத்துப் போனார். "இப்பதானே முழுசா எழுதி முடிச்சிருக்கோம்!"

சாந்தம்மா அறைக்குத் திரும்பினாள். மேஜையில் தட்டுகள் காத்திருந்தன. கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் வினோதாவிடமிருந்து ஃபோன் வந்தது. "அம்மா, டூட்டி மாத்திட்டாங்க. இன்னியிலேர்ந்து எனக்கு நைட் ஃப்ளைட்டு. குறிஞ்சியேதான். ஒம்போது மணிக்குக் கெளம்பறோம்."

"சரி கண்ணு" என்றாள்.

ஐந்தரைக்குக் கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. உத்தனப்பள்ளிக்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். சமீர் படிக்கட்டில் நின்று, "அக்கா, பஸ்ஸு கெளம்புது, வரலியா?" என்று குரல் கொடுத்தார். சாந்தம்மா நாற்காலியைச் சிவப்பு ஃபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.